சங்கத்துப் பேச்சு எதில் நடக்கலாம்? போன், வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், புளியமரத்தடி

பாலக்காடு மாவட்டத்து எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே எங்கள் வீடு. அடுக்களையில் நின்றால் போன் கேரள டவரைப் பிடிக்கும், திண்ணைக்கு வந்தால் தமிழ்நாட்டு டவர். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு மாநிலமும் எஸ்.எம்.எஸ். அனுப்பி வரவேற்றிருக்கும். ரொம்ப நாள் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு கோடையில் எங்கள் வாய்க்கால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில், மணக்கடவில் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்று 1970-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அது மூலத்தறையில் திரும்பி எங்கள் தென்னை மூட்டுக்கு வந்து சேருவது வேறு கதை. எங்கள் விவசாயிகள் சங்கத்தில் முப்பத்தெட்டுப் பேர். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் பேசி, மறுநாள் பத்து மணிக்கு ஓர் அலுவலகத்தின் முன்னால் உட்காருவது, வெயிலுக்குச் சின்னதாக ஒரு பந்தல் போடுவது என்று முடிவு செய்தோம். காலை ஆறரைக்கு ஸ்டேஷனிலிருந்து போன். பாதி மலையாளம், பாதி தமிழ்: "அண்ணா, பந்தல் வேண்டாம் கேட்டோ. எத்தனை பேரு வர்றீங்க?"

பந்தல் விஷயம் குழுவுக்கு வெளியே போக வழியே இல்லை என்று நினைத்திருந்தோம். பொருளாளர் பெரியவர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "நம்ம போனை ஒட்டுக்கேக்கறாங்க." அதிலிருந்து ஆளுக்கொரு யோசனை. ஒருவர் சிக்னல் என்கிறார், ஒருவர் டெலிகிராம், இன்னொருவர் பட்டன் போனே போதும் என்கிறார். முதலமடை, மீனாட்சிபுரம் பக்கத்துச் சங்கக்காரர்களும் இதே கேள்வியோடு வந்தார்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் கேட்டு உட்காருவது குற்றமில்லை. அதைப் பற்றி நமக்குள் பேசிக்கொள்வதும் குற்றமில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், புட்டசுவாமி வழக்கில் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமென்றால் அதற்கென்று சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. ஆகவே "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை நமக்கு இல்லை.

எதை வைத்து எடைபோடுவது

நான் நாலு கேள்வி வைத்துக்கொண்டேன். பேசியது என்ன என்பதை யார் கேட்க முடியும்? யார் யாரோடு, எப்போது, எங்கிருந்து பேசினார் என்பதை யார் எடுக்க முடியும்? போனே அடுத்தவர் கைக்குப் போனால் என்ன கிடைக்கும்? எழுபத்திரண்டு வயதுப் பொருளாளரால் அதைப் பயன்படுத்த முடியுமா?

முதல் மூன்றுக்கும் நடுவே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. எனக்கே அது மெதுவாகத்தான் புரிந்தது. ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு உயரத்தில் கையெழுத்து வேண்டும். பேச்சை ஒட்டுக்கேட்க மாநில அளவில் உள்துறைச் செயலரின் உத்தரவு தேவை. அழைப்பு விவரப் பட்டியல், ஸ்டேஷன் பாஷையில் சி.டி.ஆர்., அதற்கு எஸ்.பி. அளவு அதிகாரி போதும். போனைப் பறிமுதல் செய்ய வழக்கை விசாரிக்கும் அதிகாரி போதும். குழுவில் இருக்கும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப யார் கையெழுத்தும் வேண்டாம்.

நாம் எல்லோரும் முதல் கதவைப் பார்த்துப் பயந்துகொண்டு கடைசிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிறோம். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்தக் கணக்கில்தான்.

| வழி | பேச்சின் உள்ளே | யார் யாரோடு | போன் கைமாறினால் | பெரியவர்களுக்கு |
|---|---|---|---|---|
| சாதா அழைப்பு, எஸ்.எம்.எஸ். | உத்தரவு இருந்தால் கேட்கலாம் | முழுப் பட்டியல், டவரோடு | அழைப்புப் பட்டியலும் எஸ்.எம்.எஸ்ஸும் | சுலபம் |
| வாட்ஸ்அப் | நடுவழியில் முடியாது | நிறுவனத்திடம் ஓரளவு உண்டு | எல்லாமே | பழகியது |
| டெலிகிராம் | குழுப் பேச்சு நிறுவன சர்வரில் | உண்டு | எல்லாமே | சுமார் |
| சிக்னல் | நடுவழியில் முடியாது | கிட்டத்தட்ட இல்லை | அழியும்படி வைத்தால் கொஞ்சம் | கஷ்டம் |
| நேரில் | அங்கே இருப்பவர் மட்டும் | போன் சட்டைப்பையில் இருந்தால் டவர் சொல்லும் | ஒன்றுமில்லை | ரொம்பச் சுலபம் |

சாதா அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும்

பட்டன் போன் பாதுகாப்பு என்பது பெரிய மூடநம்பிக்கை. சாதா அழைப்பில் பேச்சு கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச் வழியாகத் திறந்த நிலையில்தான் போகிறது. உத்தரவு வந்தால் அவர்கள் இணைப்புக் கொடுத்தே ஆக வேண்டும். முன்பு 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம். இப்போது 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டம், அதன் கீழே 2024 டிசம்பரில் வந்த விதிகள். பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இருக்க வேண்டும். ஓர் உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்து நீட்டித்துப் போனாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. அவசரம் என்றால் ஐ.ஜி. அளவு அதிகாரியே தொடங்கலாம், ஏழு வேலை நாளுக்குள் மேலிடம் ஒப்ப வேண்டும். பிறகு தலைமைச் செயலர் தலைமையிலான ஒரு குழு பார்க்கும். இந்தக் கட்டுப்பாடுகளுக்கு வேர், 1996 டிசம்பரில், பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: உத்தரவு போடுவதும் சரிபார்ப்பதும் அரசுச் செயலர்களே. நடுவில் நீதிபதி இல்லை. ஒட்டுக்கேட்டு முடிந்த பிறகும் "உங்கள் போனைக் கேட்டோம்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வழக்கு என்று வந்து அதில் அந்த ஒலிப்பதிவை நீட்டினால்தான் தெரியும். அப்படித் தெரிந்த ஒருவர் தொடுத்த வழக்கில், 2011-இல் பிறப்பித்த ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பது மட்டும் ஒட்டுக்கேட்கப் போதுமான காரணமில்லை, பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இருந்தே ஆக வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் வந்து சேர நடுவில் எத்தனை வருஷம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மறைமுகச் செலவு சி.டி.ஆரில் இருக்கிறது. அழைப்பு விவரங்களைக் கம்பெனிகள் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிமத்தையே திருத்தினார்கள். யாருக்கு, எத்தனை நிமிஷம், எந்த டவரிலிருந்து என்பதெல்லாம் அதில் வரும். எல்லைக்காரர்களுக்கு இதில் தனித் தலைவலி. திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சு "தமிழ்நாட்டில் இருந்தார்" என்று பதிவாகும். வேலந்தாவளத்தில் டீ குடித்தவர் காகிதத்தில் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஒரே மாலையில் ஆறு தடவை போய் வந்திருப்பார். கேட்டால் விளக்கிவிடலாம், சரி. ஆனால் விளக்க வேண்டியவர் நீங்கள்.

கூடவே ஒரு வேலை செய்யுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் இரண்டு மாநிலக் கடைகளிலும் சிம் வாங்கிப் பழகியவர்கள் அதிகம். தெரியாத சிம் ஒன்று உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருந்தால், அதன் பட்டியலும் உங்கள் வாசலுக்குத்தான் வரும். (அதே சஞ்சார் சாத்தியைப் புதுப் போன் எல்லாவற்றிலும் முன்கூட்டியே போட்டு விற்க வேண்டும் என்று 2025 நவம்பரில் ஓர் உத்தரவு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே வாபஸானது. தளத்தை நாமாகப் போய்த் திறப்பது வேறு, நம் போனுக்குள் வந்து உட்காருவது வேறு.)

எப்போது இதுவே சரி: "மோட்டார் ஓடுதா", "லோடு ஏத்தியாச்சா", "நாளைக்குக் கூட்டம் அஞ்சு மணிக்கு". ஊருக்கே தெரிந்தாலும் பரவாயில்லாத பேச்சு எல்லாவற்றுக்கும்.

வாட்ஸ்அப்

2016 முதல் வாட்ஸ்அப் பேச்சு முனைக்கு முனை பூட்டப்பட்டது. அனுப்பியவர் போனில் பூட்டி, வாங்கியவர் போனில் திறக்கிறது. நடுவழியில் கம்பெனியாலேயே படிக்க முடியாது. ஒரு செய்தியை முதலில் அனுப்பியது யார் என்று காட்ட வேண்டும் என 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் கேட்க, அவர்கள் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பூட்டை உடைக்கச் சொன்னால் நாட்டை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அவர்கள் வழக்கறிஞர் சொன்னார்.

அப்படியானால் பந்தல் எப்படிப் போனது? நாலு நாள் கழித்துத் தெரிந்தது. எங்கள் குழுவில் ஒரு பையன், "நாளைக்கு எங்க சங்கம் பண்ற வேலையைப் பாருங்க" என்று பெருமையாக மச்சானுக்கு ஃபார்வர்டு செய்திருக்கிறான். மச்சான் தன் கூட்டாளிகள் குழுவில் போட்டிருக்கிறார். அந்தக் குழுவில் ஒரு போலீஸ்காரர். கணினி இல்லை, உத்தரவு இல்லை, உள்துறைச் செயலர் இல்லை. பொருளாளரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, ஆனா ஒட்டுக்கேக்கறதும் நடக்குது" என்றார்.

வாட்ஸ்அப்பின் மறைமுகச் செலவெல்லாம் பூட்டுக்கு வெளியே. முதலாவது, பேக்கப். கூகுள் டிரைவில் போகும் பேக்கப் தானாகப் பூட்டிக்கொள்ளாது. 2021-இலிருந்து அதற்குத் தனியாகப் பூட்டுப் போடும் வசதி உண்டு, நாம்தான் செட்டிங்கில் போய்ப் போட வேண்டும். முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தேழு பேர் போட்டு ஒருவர் விட்டால், குழுவின் பேச்சு அந்த ஒருவர் வழியாகத் திறந்தே கிடக்கும். இரண்டாவது, நோட்டீஸ் அச்சடிக்கப் போன இடத்தில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்துவிட்டு மூடாமல் வருவது. எங்கள் செயலாளர் இப்படி ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் 'இணைத்த சாதனங்கள்' பக்கத்தைப் பார்க்கும்வரை அவருக்கே தெரியாது. மூன்றாவது, யார் எந்தக் குழுவில் இருக்கிறார், கடைசியாக எப்போது வந்தார் போன்ற விவரங்கள் நிறுவனத்திடம் இருக்கும். முறையான சட்டக் கோரிக்கை வந்தால் கொடுப்பார்கள்.

பலர் பயப்படும் ஒன்றுக்கு மட்டும் நல்ல செய்தி. குழுவில் யாரோ ஏடாகூடமாகப் போட்டால் அட்மின் உள்ளே போவாரா? போகத் தேவையில்லை. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வழக்கறிஞர் குழுவின் விஷயத்தில் இதைச் சொன்னது, 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் அதே வழியில் போனது. அட்மின் தானே அதில் பங்கெடுத்தால் கதை வேறு. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போவது அபூர்வம், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது இதுவே சரி: எல்லோரும் இருக்க வேண்டிய பெரிய குழுவுக்கு. ஆனால் அதை நோட்டீஸ் போர்டு என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள், ரகசியப் பெட்டி என்று நினைக்காதீர்கள். மறையும் செய்திகளை ஏழு நாளுக்கு வைத்துவிடுங்கள்.

டெலிகிராம்

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. டெலிகிராம் ரகசியமானது என்ற பெயர் எப்படி வந்தது என்றே தெரியவில்லை. அதில் குழுப் பேச்சுக்கு முனைக்கு முனைப் பூட்டு கிடையாது. இரண்டு பேர் மட்டும் பேசும் 'சீக்ரெட் சாட்'டில்தான் உண்டு, அதையும் நாமே தனியாகத் திறக்க வேண்டும். மற்றதெல்லாம் அவர்கள் சர்வரில் இருக்கிறது. 2022-இல் பதிப்புரிமை வழக்கு ஒன்றில் டில்லி உயர் நீதிமன்றம் கேட்டு, சேனல் நடத்தியவர்களின் விவரத்தை அவர்கள் கொடுத்தும் இருக்கிறார்கள். நிறுவனர் 2024 ஆகஸ்டில் பிரான்சில் கைதான பிறகு, முறையான கோரிக்கைக்கு போன் எண்ணும் ஐ.பி. முகவரியும் கொடுப்போம் என்று விதியையே மாற்றினார்கள்.

தேங்காய் விலை, தண்ணீர் திறக்கும் தேதி என்று ஆயிரம் பேருக்கு அறிவிக்க நல்ல சேனல். சங்கத்துப் பேச்சுக்கு, என் கணக்கில், வாட்ஸ்அப்பை விட ஒரு படி கீழே.

சிக்னல்

வாட்ஸ்அப் வைத்திருக்கும் பூட்டைச் செய்தவர்களே சிக்னல்காரர்கள். வித்தியாசம் பூட்டில் இல்லை, எதைச் சேர்த்து வைக்கிறார்கள் என்பதில். 2016-இல் அமெரிக்காவில் ஒரு நீதிமன்ற ஆணை வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே தேதிகள்: கணக்கு தொடங்கியது எப்போது, கடைசியாக இணைந்தது எப்போது. குழுப் பெயர் இல்லை, உறுப்பினர் பட்டியல் இல்லை. 2024-லிருந்து பயனர்பெயர் வைத்துக்கொண்டு போன் எண்ணைக் குழுவில் இருப்பவர்களிடமிருந்தே மறைக்கலாம்.

ஆனால் கணக்கு தொடங்க போன் எண் வேண்டும், அந்த சிம் நம் ஆதாரில் வாங்கியது. "யாருக்கும் தெரியாமல்" என்பது சிக்னலிலும் இல்லை. அப்புறம், சங்கம் நடத்துகிறவர்களுக்கு ஒரு செலவு இருக்கிறது: செய்தி அழிந்தால் தீர்மானமும் அழியும். "பம்புசெட் வாடகை யார் தருவதாகச் சொன்னார்" என்று மூன்று வாரம் கழித்துச் சண்டை வந்தபோது, காட்ட ஒன்றுமில்லை. அழிக்க வேண்டிய பேச்சு, வைக்க வேண்டிய கணக்கு இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் இப்படித்தான். கணக்குக்குப் பழையபடி நோட்டுப் புத்தகம் வைத்தோம்.

பொருளாளருக்குச் சிக்னல் போட்டுக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க ஆனது. பின் (PIN) எண்ணை மறந்து இரண்டு தடவை கேட்டார். இப்போது அந்த எண் அவர் வீட்டுக் காலண்டரில் எழுதியிருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

எப்போது இதுவே சரி: ஐந்தாறு பேர் கொண்ட நிர்வாகக் குழு, வழக்கறிஞரோடு பேச்சு, புகார் கொடுத்தவர் பெயர் வெளியே வரக் கூடாத விஷயம்.

போன் அவர்கள் கையில் இருந்தால்

இது எந்தச் செயலிக்கும் பொது. பூட்டுத் திறந்த போன் கையில் கிடைத்துவிட்டால் வாட்ஸ்அப், சிக்னல் எல்லாம் ஒன்றுதான். பத்திரிகையாளர் ஒருவரின் போனை எடுத்துக்கொண்ட வழக்கில், சட்டம் சொன்ன நடைமுறை இல்லாமல் அப்படி எடுக்க முடியாது என்று 2023 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் கண்டித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும். பறிமுதல் விவரம் எழுதிய மஹசர் கேளுங்கள், அதில் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. இருக்கிறதா பாருங்கள், நகல் வாங்காமல் கிளம்பாதீர்கள். கைரேகைப் பூட்டோடு ஆறு இலக்க எண் பூட்டும் வையுங்கள். பதற்றமான நாளில் போனை அணைத்து எடுத்துப் போங்கள். மறையும் செய்திகளின் அருமை இங்கேதான் தெரியும். இல்லாத செய்தியை யாரும் எடுக்க முடியாது.

பெகாசஸ் பற்றியும் கேட்டார்கள். உச்ச நீதிமன்றக் குழு ஆராய்ந்த 29 போன்களில் ஐந்தில் ஏதோ வேவு மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022-இல் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அப்படி ஒன்று போனுக்குள் வந்துவிட்டால் எந்தச் செயலியும் காப்பாற்றாது. கடைமடைத் தண்ணீருக்காக அவ்வளவு செலவு செய்து எங்கள் பொருளாளர் போனைத் தேடி வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர் நினைக்கிறார்.

புளியமரத்தடி

நேரில் பேசுவதுதான் பழைய வழி, இன்னமும் நல்ல வழி. ஆனால் இதிலும் பள்ளம் உண்டு. முப்பத்தெட்டுப் பேரும் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரே மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், டவர் பதிவில் வருகைப் பதிவேடே தயார். வரும் வழியில் கேரள அரசு வைத்த 726 கேமராக்களில் ஒன்று இருந்தால் ஹெல்மெட் இல்லாதவர் படமும் தயார். அந்தக் கேமரா வந்த புதிதில், 2023-இல், அபராத நோட்டீஸ் படத்தில் பின்சீட்டில் இருந்தவரைப் பார்த்து ஒரு வீட்டில் வழக்கு வரை போனது. வண்டி மனைவி பெயரில் இருந்தது.

ஸ்பெஷல் பிராஞ்ச் ஆள் வந்து ஓரமாக நிற்பதும் புதிதில்லை. 1962-இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் ராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டுவது கூடாது, வெளியே பின்தொடர்வது பரவாயில்லை என்றது. அந்தரங்கம் என்று ஓர் உரிமையே இல்லை என்றும் அப்போது சொன்னார்கள். 2017-இல் திருத்தியது அதைத்தான். பொது இடத்தில் நிற்பவரை நாம் போகச் சொல்ல முடியாது, டீ வேண்டுமா என்று கேட்கலாம்.

மறைமுகச் செலவு நேரம். கூட்டத்துக்குக் கோவையில் வேலை செய்கிறவர் வர முடியாது, பெண்கள் மாலை ஆறுக்கு மேல் வர மாட்டார்கள், கடைசியில் எப்போதும் அதே பன்னிரண்டு பேர் முடிவெடுப்பார்கள். வாட்ஸ்அப் வந்த பிறகுதான் எங்கள் சங்கத்துப் பெண்கள் கருத்துச் சொல்லத் தொடங்கினார்கள். அதை இழக்க எனக்கு மனமில்லை.

நாங்கள் செய்தது

பெரிய வாட்ஸ்அப் குழு அப்படியே இருக்கிறது, தேதிக்கும் அறிவிப்புக்கும். ஃபார்வர்டு செய்த பையனை நீக்கவில்லை, அடுத்த நோட்டீஸை எழுதச் சொல்லி அவனிடமே கொடுத்தோம். ஆறு பேர் சிக்னலில், செய்திகள் ஒரு வாரத்தில் மறையும். கணக்கும் தீர்மானமும் நோட்டுப் புத்தகத்தில். முக்கியமான முடிவு மரத்தடியில், மாலை நாலரைக்கு, பெண்களும் வரும்படி. போனை அவரவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம் என்றேன், யாரும் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அதே போலீஸ்காரர் வண்டியில் வந்து இறங்கினார். டீ வாங்கிக்கொண்டு, "எத்தனை பேரு அண்ணா?" என்றார். பொருளாளர் கொஞ்சமும் யோசிக்காமல், "முப்பத்தெட்டு" என்றார். வந்திருந்தது இருபத்தொன்று.